சம்பந்திகள் இருக்கும் சுகர் குரூப்

செல்போன் வந்தால் ரகசியமே இருக்காது என்றார்கள். எனக்கென்னவோ, ரகசியம் கூடிவிட்டதாகத்தான் தோன்றுகிறது.

கம்பத்தில் நாங்கள் காட்டும் ஆஸ்பத்திரி நர்ஸ், என்னைப் போல் சுகர் உள்ள பெண்களுக்காக ஒரு எஸ்எம்எஸ் குரூப் ஆரம்பித்திருக்கிறார். சனிக்கிழமை காலையில் வெறும் வயிற்றில் மீட்டரில் பார்த்து எண்ணை அனுப்ப வேண்டும். ஒருவர் அனுப்பினால் எல்லோருக்கும் போகும். ஒருவரைப் பார்த்து ஒருவர் வாயைக் கட்டுவார்களாம்... நல்ல யோசனைதானே?

போன வாரம் முத்துமாரி எங்கள் வீட்டுக்கு வந்தார். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம். குரூப்பில் எப்போதும் நல்ல எண்தான் அனுப்புவார். அன்று விந்தி விந்தி நடந்தார். பாதத்தில் புண், சீழ் வேறு. மீட்டரில் பார்த்தால் முந்நூறைத் தாண்டிவிட்டது.

"அப்ப அனுப்புனதெல்லாம்?"

"சரோஜா மதினியும் அந்தக் குரூப்புல இருக்காகல்ல டீச்சர். அவுக மகனுக்குத்தான் எம் மகளப் பேசிக்கிட்டிருக்கு. ஆத்தாளுக்கே இம்புட்டுன்னா நாளைக்கு மகளுக்கும் வரும்னு பின்வாங்கிட்டா? நீங்க சொல்லிராதீக."

கல்யாணமா, காலா? சரியென்று மண்டையை ஆட்டினேன்.

அன்று சாயங்காலமே சரோஜா போன் செய்தார். "டீச்சர், எனக்கு எறங்கவே மாட்டேங்குது. குரூப்புல கொறச்சுத்தான் போட்டுக்கிட்டிருக்கேன். மாமியாளுக்கு ஊசி போடத்தான் நம்ம பிள்ளையக் கேக்குறாகன்னு பொண்ணு வீட்ல நெனச்சிருவாக. ஒங்களோட இருக்கட்டும்."

இப்போது நான் யாரிடம் எதை மறைக்க வேண்டும்? பெண் வீட்டு ரகசியம் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டு ரகசியம் மறு பக்கம்... நடுவில் நர்ஸ் வேறு, "எல்லோரும் சூப்பர், இப்படியே இருங்க" என்று மெசேஜ் அனுப்புகிறார். தலை சுற்றியது. எனக்குத்தான் சுகர் இறங்கிவிட்டதோ என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் முத்துமாரியை வம்படியாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். சுகர் பார்க்க ரத்தம் கொடுக்கும் வரிசையில் சரோஜா!

"டீச்சருக்கு முடியலைன்னாக, தொணைக்கு வந்தேன்" என்றார் முத்துமாரி.

"நானும் டீச்சரப் பாக்கத்தான்..." என்றார் சரோஜா.

இரண்டு பேரும் என்னை அப்படியொரு பரிதாபமாகப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்த அம்மாள் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். நானும் உட்கார்ந்துவிட்டேன், வேறென்ன செய்ய?

அதற்குள் நர்ஸ் வெளியே வந்து, "கால்ல புண்ணுன்னு வந்தது யாரு?" என்றார்.

சரோஜா என் காலைப் பார்த்தார். பிறகு முத்துமாரி காலைப் பார்த்தார்.

நர்ஸ் கட்டுப் போடும்போது, "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா விரலையே எடுத்திருக்கணும்" என்றார். முத்துமாரி அழுதுவிட்டார். வலியால் அழுகிறாரா, மகளை நினைத்து அழுகிறாரா, தெரியவில்லை.

சரோஜா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "இந்தக் கால வச்சுக்கிட்டா மதினி தோட்டத்துல நடந்தீக?" என்று கேட்டார். பிறகு, "எனக்கும் முந்நூறுக்கு மேலதான்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பந்தியில் சம்பந்திகள் இலைக்கு இனிப்பு வைக்கலாமா கூடாதா என்பதில்தான் இரு வீட்டுக்கும் இன்னும் பேச்சுவார்த்தை இழுக்கிறது!