ரப்பர் பலகையில் ஒரு லாக் பிரிட்ஜ்

அண்ணன் தன் கையால் செய்த கிட்டாருக்கு தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் எது பொருந்தும் என்று பார்த்துச் சொன்னவள் நான். எங்கள் வீட்டில் பள்ளியில் படிவம் ஆறு வரை படித்தது நான் ஒருத்திதான். உரமூட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு, ஆபீஸ் நோட்டீஸ் என்று ஆங்கிலத்தில் எது வந்தாலும் என் முன்னால்தான் வைப்பார்கள். கிட்டார் சாமான் கேட்டலாக்கும் அப்படித்தான் வந்தது. அதில் எனக்குப் பெருமை இருந்தது, இப்போதும் இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. லூபோக் சீனா பக்கம் எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டுச் எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். பாயா ரும்புட்டில் நாற்காலி செய்யும் ஃபேக்டரி ஒன்றில் வேலை பார்த்த அண்ணன், தள்ளிய மரத்திலிருந்து ஒரு பலகை அறுத்து கிட்டாரின் உடலை வெட்டினான். கனமான மரம். தோளில் தொங்க வேண்டுமே என்று மெலிதாக இழைத்துவிட்டான்.

தெங்கேராவில் கல்யாணங்களுக்கு வாசிக்கும் ஒரு பேண்டில் ஓர் இடம் காலியாகியிருந்தது. லாக் பிரிட்ஜ் உள்ள கிட்டாரோடு வந்தால் வாசித்துக் காட்டலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த பிரிட்ஜில் நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடிக் கம்பியை அழுத்தினால் சுருதி கிணற்றுக்குள் விழுவதுபோல் இறங்கும். விட்டால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். தந்திகள் இரண்டு முனையிலும் பூட்டப்பட்டிருப்பதால் சுருதி கலையாது. அந்த வருஷங்களில் எல்லாருக்கும் அந்தச் சத்தம் வேண்டியிருந்தது.

நான் ஸ்கேலோடு உட்கார்ந்தேன். தந்திகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, கழுத்தின் அகலம், பலகையின் தடிமன் எல்லாம் அளந்தேன். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பார்ப்பதில்லை என்று அம்மா கேலி செய்தாள். வழக்கமான பிரிட்ஜின் அடியில் தொங்கும் இரும்புக் கட்டை எங்கள் மெலிந்த பலகையின் முதுகில் துருத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். கேட்டலாக்கில் கட்டை குட்டையான ஒன்றைக் கண்டுபிடித்தேன். அண்ணன் அதையே வாங்கி வந்தான். முன்பக்கம் இரண்டே இரும்பு முளைகள்தான் அதைத் தாங்கும். அவற்றை மரத்தில் இறக்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒருநாள் காலை, பலகைக்கு அடியில் மாவு மாதிரித் தூள் கிடந்தது. முந்தின நாள் யாரும் உப்புத்தாள் தேய்க்கவில்லை. அம்மா துடைத்துவிட்டாள். மறுநாளும் கிடந்தது. பலகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஊசி முனை அளவில் ஓட்டைகள். குண்டூசியைக் குத்தினேன். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. ஃபேக்டரியில் ரப்பர் மரப் பலகையைப் பூச்சி மருந்துத் தொட்டியில் ஊறப் போடாமல் தொடக்கூட மாட்டார்கள். இந்தப் பலகை அந்தத் தொட்டியைப் பார்த்ததே இல்லை.

“அண்ணே, வண்டு எறங்கிருச்சு. முளை நிக்கப்போற எடத்துலயே ஓட்டை. ஆறு தந்தியும் சேந்து இழுக்கும். இந்த மரத்துக்கு எந்த பிரிட்ஜும் ஒத்துவராது.”

“அளவெல்லாம் சரியா இருக்குன்னு நீதானே சொன்ன?”

“அளவு சரிதான். மரம் சரியில்ல.”

“கோந்து ஊத்திக்கலாம் லா. ஞாயித்துக்கெழம வரச் சொல்லியிருக்காங்க.”

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். மரத்தோடு வேலை செய்கிறவன். எனக்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முளைகளை இறக்கித் தந்திகளை முறுக்கினான். முறுக்க முறுக்க உள்ளே எங்கோ ‘டக்’ என்றது. கூரைத் தகரம் என்றான். வெளியே மழை மூட்டம். தகரம் சூடேற வெயிலே இல்லை. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன். ஒரு முளை தந்திகளின் பக்கமாகச் சாய்ந்திருந்தது. மட்டத்துக்கும் முளைக்கும் நடுவே கீற்றாக வெளிச்சம் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அது தாங்கிவிட்டது. அண்ணனைச் சேர்த்துக்கொண்டார்கள். அம்மா கோழி சமைத்தாள். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதன்பிறகு சனிக்கிழமை தவறாமல் கல்யாணம். ஒரு மண்டபத்துக்கு நானும் போயிருந்தேன். அவன் கம்பியை அழுத்தும்போதெல்லாம் பையன்கள் விசிலடித்தார்கள். அவன் மட்டும் ஒவ்வொரு தடவையும் குனிந்து முளையைப் பார்த்துக்கொண்டான். வீட்டில் நான் மட்டம் வைக்கும்போதெல்லாம் அந்தக் கீற்று அகலமாகிக்கொண்டே வந்தது. கடைசியில் என் விரல் நகம் அதற்குள் நுழைந்தது.

“கம்பிய அழுத்தாம வாசிண்ணே,” என்றேன். “மத்ததெல்லாம் நல்லாத்தானே வாசிக்கிற.”

பேண்ட் வேன் எங்கள் லயத்து வீட்டு வாசலில் ஹார்ன் அடித்தது. அண்ணன் பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினான்.

“அதுக்குத்தானே என்னைய எடுத்திருக்காங்க,” என்றான்.