பெண் பார்க்க வந்த பைலட் சொன்ன தப்பு

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம் அது. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புக்கு நடுவே எங்கள் வீடு. கோவையில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு நான் வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை வந்த வரன்களெல்லாம் மில், மோட்டார் பட்டறை, கோழிப்பண்ணை என்று ஒரே வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. அப்போதுதான் பெருந்துறையிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பையன் கடற்படையில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறாராம்.

எங்கள் வீட்டில் யாருக்கும் இது பிடிபடவில்லை. "ஒண்ணு தண்ணியில இருக்கோணும், இல்லாட்டி மேல இருக்கோணும். ரெண்டும் ஒரே ஆளுக்கு எப்படிங்க வேலையாகும்?" என்று என் தாய்மாமா அப்பாவிடம் கேட்டார். அப்பாவுக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அப்பாவுக்குக் கிடையாது. "அதெல்லாம் இருக்குது" என்று முடித்துவிட்டார்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை, கை நீட்டியவர் இல்லை. ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான். அம்மா ஏதாவது சொல்ல நினைத்து "ஏனுங்க" என்று ஆரம்பிப்பார். அப்பா திரும்பிப் பார்ப்பார். உடனே அம்மா, "காப்பி கொண்டாரட்டுங்களா?" என்று மாற்றிவிடுவார். அம்மாவின் பாதி ஏனுங்க காப்பியில்தான் முடியும். அப்பா ஒரு நாளைக்கு அத்தனை காப்பி குடித்ததற்கு அதுதான் காரணம் என்று நான் கேலி செய்வதுண்டு, அம்மாவிடம் மட்டும்.

ஜாதகம் பொருந்தியது. பெண் பார்க்க வந்தார்கள். அவர், அவருடைய அப்பா, அம்மா, கூட ஒரு தரகர். பையனுக்கு ஒட்ட வெட்டிய தலை, வெயிலில் கறுத்த முகம். கூச்சப்படாமல் இரண்டாவது முறையும் போண்டா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு அங்கேயே பிடித்துப்போய்விட்டது. காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனவள் சமையலறை நிலைப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

மாமா தன் சந்தேகத்தைக் கேட்டார். மாப்பிள்ளை வாசலில் கொப்பரை காய்ந்துகொண்டிருந்த களத்தைக் காட்டினார்.

"நம்ம களம் இருக்குதுல்லீங்க, கப்பலோட பின்பக்கம் அதுல பாதி தேறாதுங்க. அங்கதான் ஹெலிகாப்டரை எறக்கோணும். கப்பல் ஆடிக்கிட்டே இருக்குமுங்க."

எல்லோரும் களத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவின் முகத்தில் மரியாதை கூடியது. "இப்ப எந்தக் கப்பல்லீங்க தம்பி?" என்றார்.

"இப்பக் கப்பல்ல இல்லீங்க. கொச்சியில, புதுசா வர்ற ஆபீசருங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டிருக்கனுங்க."

"அப்ப வாத்தியார் வேலைங்களா?"

"அப்படித்தானுங்க."

"ஏனுங்க தம்பி, வேலையில எறக்கி உட்டுட்டாங்களா?"

அவர் சிரித்தார். கொஞ்ச வருஷம் கப்பல், கொஞ்ச வருஷம் பயிற்சி, மறுபடியும் கப்பல் என்று அவர்கள் வேலையில் மாறி மாறித்தான் வருமாம். சொல்லிக் கொடுப்பதற்கும் தனியாகப் படித்துத் தேற வேண்டுமாம். ஓட்டுகிறவர்கள் எல்லோரையும் அதற்கு எடுக்க மாட்டார்களாம். இத்தோடு நிறுத்தியிருந்தால் அன்றைக்கே தட்டு மாற்றியிருப்பார்கள். அவர் நிறுத்தவில்லை.

"ஆனா நான் வாத்தியாரானதுக்குக் காரணமே நான் செஞ்ச ஒரு தப்புங்க" என்றார்.

தரகர் இருமினார். மாப்பிள்ளை அதைக் கண்டுகொள்ளாமல் சொல்லிக்கொண்டே போனார். ஒருமுறை கடல்மேல் வேலையை முடித்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாராம். கப்பல் ஒரே இடத்தில் நிற்காது, நகர்ந்துகொண்டே இருக்கும். இவர் பழைய இடத்தை மனதில் வைத்துக்கொண்டு வேறு திசையில் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். தான் போவதுதான் சரி என்று கொஞ்சமும் சந்தேகம் இல்லை. பக்கத்தில் இருந்தது வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத ஓர் இளம் அதிகாரி. அவர்தான், "சார், நாம தப்பாப் போறோம்" என்றிருக்கிறார். இவர் கேட்கவில்லை. அவர் மறுபடியும் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் சரிபார்த்துத் திரும்பினார்கள். கப்பலில் இறங்கும்போது எரிபொருள் தீரும் நிலையில் இருந்ததாம்.

"அந்தப் பையன் எனக்குப் பயந்துட்டு வாயை மூடிட்டு இருந்திருந்தான்னா, நான் இன்னைக்கு உங்க ஊட்டுக்கு வந்திருக்க முடியாதுங்க. நானே போயி மேலதிகாரிகிட்டச் சொல்லிப்போட்டேன். அவரு திட்டலீங்க. பயிற்சிக்குப் போறயான்னு கேட்டாரு. இப்பப் புதுப் பசங்களுக்கு முதல் வகுப்புல இதைத்தானுங்க சொல்றேன். பறந்துட்டு வந்து எறங்குனா, என்ன தப்பு நடந்துதுன்னு வயசுல சின்னவன்தான் மொதல்ல பேசோணும். வாத்தியார் கடைசியாத்தானுங்க பேசுவேன்."

அம்மா எட்டிப் பார்த்து, இன்னொரு காப்பி கொண்டுவரட்டுமா என்றார்.

அவர்கள் கார் தோப்பைத் தாண்டியதும் மாமா ஆரம்பித்துவிட்டார். "வழி தெரியாம கடல்ல சுத்துனவனுக்கா புள்ளயக் குடுக்கறது?" அப்பாவுக்கு வேறு வருத்தம். தப்பு செய்ததுகூடப் பரவாயில்லை, அதைப் பெண் வீட்டில் உட்கார்ந்து சொல்கிறானே, இவனுக்கு விவரம் போதாது என்றார். ஒரு மணி நேரத்தில் முடிவாகிவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை.

வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அடுத்தவர் மனம் நோகக் கூடாது. அதனால் குறையை நம் பக்கம் போட்டுக்கொள்ள வேண்டும். இன்னொரு ஜோசியரிடம் காட்டினோம், எங்கள் பெண் ஜாதகத்தில் தோஷம் இருக்கிறதாம், உங்கள் பையனுக்கு ஆகாதாம் என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார் அப்பா. ரொம்பப் பதவிசாக முடித்துவிட்டதாக மாமா பாராட்டினார்.

தரகர் வாய் சும்மா இருக்குமா? அடுத்து வருவதாக இருந்த வரன் வரவில்லை. அதற்கடுத்தது ஜாதகத்தைத் திருப்பி அனுப்பியது. கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். இல்லாத தோஷம் ஒன்று பொள்ளாச்சி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. "கொஞ்ச நாள்ல அடங்கிரும்" என்றார் மாமா. எனக்கு அழுகை வந்தது, கோபம் அதைவிட அதிகமாக வந்தது. இரண்டையும் வீட்டில் காட்டிக்கொள்ளவில்லை.

சித்திரையில் வால்பாறையில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷம். அப்பாவின் அம்பாசிடரில் நாலு பேரும் போனோம். திரும்பும்போது மத்தியானம். முன்னால் அப்பாவும் மாமாவும், பின்னால் அம்மாவும் நானும். மாமா விருந்துச் சாப்பாட்டின் அசதியில் தூங்கிவிட்டார்.

அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. இறக்கம் வந்தால் கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில் விட்டுவிடுவார், பெட்ரோல் மிச்சமாம். வண்டி தானாக உருளும், பிரேக்கை மட்டும் மிதித்து மிதித்து வளைவுகளில் திருப்புவார். அட்டகட்டியைத் தாண்டி, கீழே ஆழியாறு அணை தெரிய ஆரம்பித்தபோது எனக்கு ஒரு நாற்றம் வந்தது. ரப்பர் தீய்ந்தது போன்ற நாற்றம்.

அம்மா பக்கம் பார்த்தேன். அம்மா முந்தானையை மூக்கில் வைத்திருந்தார். "ஏனுங்க" என்றார்.

"என்ன?"

"ஒண்ணுமில்லீங்க."

அந்த நேரத்தில் எனக்கு அந்த இளம் அதிகாரி ஞாபகத்துக்கு வந்தார், பார்த்தே இராத ஆள். விபத்தைவிட அப்பாவிடம் பேசுவதற்குத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"அப்பா, பிரேக் தீயற நாத்தம் வருதுங்க. வண்டிய நிறுத்துங்க."

"இத்தன வருசமா ஓட்டறேன், எனக்குத் தெரியாதா? சும்மா இரு அம்மணி."

அந்த இளம் அதிகாரி மறுபடியும் சொன்னார் என்று அந்தப் பைலட் சொன்னாரே, அது மனதுக்குள் ஓடியது. நானும் மறுபடியும் சொன்னேன், சத்தமாக. "தப்பா ஓட்டறீங்கப்பா. கியர் போடுங்க. நிறுத்துங்க." மாமா விழித்துக்கொண்டார்.

அப்பா கோபத்தோடு பிரேக்கை மிதித்தார். மிதி தரைவரைக்கும் போனது, வண்டி நிற்கவில்லை. அடுத்த கொண்டை ஊசி வளைவு கொஞ்ச தூரத்தில்தான் இருந்தது. அப்பா எப்படியோ கியரைப் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து வடிகாலில் வண்டியை உரசவிட்டார். கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டே போய் நின்றது. சக்கரங்களிலிருந்து புகை வந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

இறங்கி வந்து கட்டைச்சுவரில் உட்கார்ந்தோம். கீழே அணைத் தண்ணீர் வெயிலில் பளபளத்தது. பிறகு அம்மாதான் மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு மேல அட்டகட்டிகிட்ட வரும்போதே நாத்தம் தெரிஞ்சுதுங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் இருந்துட்டேன்."

அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக் போனபோதுகூட அவர் முகம் அப்படி ஆகவில்லை. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்வதைவிட மலையிலிருந்து விழுவது மேல் என்று ஒருத்தி இத்தனை வருஷம் தன்னோடு வாழ்ந்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் கழித்து என்னிடம், "அந்தத் தம்பி சொன்னது நெனப்பு வந்துச்சா கண்ணு?" என்று கேட்டார்.

"ஆமாங்கப்பா."

"நல்ல பையன் போல."

"நல்லவருங்கப்பா. எனக்குப் பிடிச்சிருந்துச்சுங்க. நீங்க கேக்கலீங்க."

ஒரே நாளில் இவ்வளவு பேசிவிட்டோமே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த வாரம் அப்பா பெருந்துறைக்குக் கிளம்பினார். அம்மாவையும் என்னையும் கூட வரச் சொன்னார். "பொண்ண மாப்பிள்ளை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா? எங்கயாச்சும் உண்டா?" என்று மாமா குறுக்கே வந்தார். "அவ தலையிலதான பழியப் போட்டேன். அவ முன்னாலயே சொல்றேன்" என்றார் அப்பா.

மாப்பிள்ளை கொச்சியில் இருந்தார். அவருடைய அப்பாவும் அம்மாவும்தான் வீட்டில் இருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் திகைத்துப்போய் நாற்காலி போட்டார்கள். அப்பா உட்காரவில்லை, நின்றபடியே சொன்னார்.

"புள்ள சாதகத்துல தோசம் ஒண்ணும் இல்லீங்க. வேற சோசியர்கிட்டயும் போகலீங்க. உங்க பையன் அவரு செஞ்ச தப்ப அவரே சொன்னாரு. எனக்கு அதோட அருமை தெரியலீங்க. வேண்டாம்னு சொல்ல முடியாம ஒரு பொய்யச் சொல்லிப்போட்டேன். தப்பு என்னோடதுதானுங்க."

அப்பா தப்பு என்ற வார்த்தையைத் தன்மேல் வைத்துச் சொன்னதை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அந்த வீட்டு அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார். கோபமாகத்தான் பேசினார்.

"எங்ககிட்டப் பொய் சொன்னதுகூடப் போவுதுங்கண்ணா. பெத்த புள்ள மேலயே தோசம்னு சொல்லுவாங்களா? இந்தப் புள்ளயோட பொழப்பு என்னாகும்னு ஒரு நிமிசம் நெனச்சீங்களா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்த மூன்று மாதத்தில் என் பக்கம் நின்று அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். பேசி முடித்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் காப்பித் தட்டு இருந்தது. பெரியவர்களைத் தாண்டி வந்து முதல் டம்ளரை என்னிடம் நீட்டினார்.

மாப்பிள்ளை லீவில் வந்தபோது இரண்டு குடும்பமும் மறுபடியும் எங்கள் வீட்டில் கூடியது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கப் போனார். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "இங்க வயசுல சின்னது என் புள்ளதான். அது மொதல்ல சொல்லட்டும்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சம்மதம் என்று சொன்னேன். அவர் போண்டாத் தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் மறுபடியும் கப்பலுக்குப் போனார். ஒரு ஹெலிகாப்டர் பிரிவுக்குத் தலைவரானார். கடைசியில் புதிய அதிகாரிகளைத் தயார் செய்யும் பயிற்சிக் கூடம் ஒன்றுக்கே பொறுப்பாளராக வந்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் மாமா, "இன்னும் வாத்தியார் வேலைதானுங்களா?" என்று கேட்பார். "ஆமாங்க மாமா, இப்பக் கொஞ்சம் பெரிய வாத்தியாருங்க" என்று நான் பதில் சொல்வேன்.

அப்பா அதற்குப் பிறகும் நெடுநாள் கார் ஓட்டினார். தோப்பைவிட்டு வண்டி ரோட்டுக்கு ஏறியதும், கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்து, "ஏனுங்க அம்மணிகளா, சரியாப் போறனா?" என்று ஒரு தடவை கேட்பார். கேலி மாதிரி இருக்கும், ஆனால் பதில் வரும்வரை அடுத்த கியர் போட மாட்டார். "கொஞ்சம் மெதுவாப் போங்க" என்று அம்மா சொல்வார். அப்பா மெதுவாகப் போவார். அந்த மலைப்பாதையில் எங்கள் உயிர் தப்பியதையும் எனக்குக் கல்யாணம் கூடிவந்ததையும் விட, அம்மாவின் ஏனுங்க அதற்குப் பிறகு ஒரு நாளும் காப்பியில் முடியவில்லை என்பதுதான் இன்றைக்கும் என் மனதை நிறைக்கிறது.