இளஞ்சோளம் தின்ற மயில்

கோவில்பட்டிப் பக்கம் கால்நடை டாக்டராக இருந்த காலத்தில் நான் அதிகம் கேட்ட பொய், "இளஞ்சோளத்தத் தின்னுட்டு, டாக்டரம்மா" என்பதுதான். மழையில்லாமல் வாடிய சோளப் பயிரில் விஷம் ஏறும், உண்மைதான். அதற்கு ஒரு மருந்து. பூச்சிமருந்து தின்ற ஆட்டுக்கு வேறு மருந்து. மாற்றிப் போட்டால் நேரம் போகும், ஆடும் போகும்.

எப்போதும்வென்றான் ஊரைத் தாண்டி ஒரு கரிசல் புஞ்சை. மக்காச்சோளம் விதைத்த நேரம். சுப்பையாவின் சினையாடு நுரை தள்ளிக் கிடந்தது. அவர் மனைவி மாரியம்மா அதன் தலையை மடியில் தாங்கியிருந்தார்.

"நான் கூப்பிட்டா கண்ண முழிக்குது. பயந்துபோய்க் கெடக்கு, பாருங்க."

கண்பாவை கடுகாகச் சுருங்கியிருந்தது. அது பூச்சிமருந்தின் அடையாளம்; எனக்குச் சந்தேகம் தட்டியது.

"என்ன தின்னுச்சு, அண்ணாச்சி?"

"சோளந்தான்." சுப்பையா என் முகத்தைப் பார்க்கவில்லை.

பக்கத்துத் தரிசில், வேலிக்கருவை முள் ஓரம், ஒரு பெண்மயில் விழுந்து கிடந்தது. ஆட்டுக்கு இருந்த அதே நடுக்கம். வாயிலும் நுரை.

"அதுவும் சோளப் பயிரா தின்னுச்சு?"

மயிலைக் கொன்றால் ஜெயில் என்பது சுப்பையாவுக்குத் தெரியும். ஆட்டுக்கு மூச்சு இழுத்தது.

"சொல்லித் தொலைங்களேன். வாயில்லா சீவன் சாகுது" என்றார் மாரியம்மா.

"வெதைய பூரா மயிலு பொறுக்கித் தின்னுட்டு, டாக்டரம்மா. பூச்சிமருந்துல ஊறப்போட்ட மக்காச்சோளம் வச்சேன். நம்ம புஞ்சைல செத்தா முருகன் குத்தம்னுதான் தரிசுல போட்டேன். ஆடு அங்கன போகும்னு நெனைக்கல."

பூச்சிமருந்து விஷத்தை முறிக்கும் அட்ரோபின் ஊசியை ஆட்டுக்கு ஏற்றினேன். நடுக்கம் மெல்ல அடங்கியது. அடுத்த ஊசியோடு மயிலிடம் போனேன். நிற்க முடியாத அது, என்னைக் கண்டதும் சிறகால் தரையைத் துழாவி முள்ளுக்குள் நகரப் பார்த்தது. என் கைக்கே பயந்து செத்தது. எனக்கு அழுகை வந்தது.

"அதுக்கும் பயம் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டார் சுப்பையா.

"ஆட்டுக்குத் தெரிஞ்சுதுல்லா?"

தரிசில் கிடந்த விஷச்சோளத்தைப் பொறுக்கிப் புதைக்கச் சொல்லிவிட்டு, வனத்துறைக்கு நானே போன் செய்தேன்.

"ஆட்டக் காப்பாத்திட்டு என்ன மாட்டிவிடுதீங்களே" என்றார்.

பிறகு அந்த ஊரில் ஆடுகள் நுரை தள்ளிச் செத்தன என்று கேள்விப்பட்டேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, மயிலுக்காகப் பேசினால் சில வீடுகளின் கதவு உங்களுக்கு அடைபடும். பேசாமல் இருந்துவிடாதீர்கள். அடைத்த கதவை நீங்களே போய்த் தட்டுங்கள். நான் தட்டப் போகவில்லை.