அம்மன் கிரீடத்தில் நீல நாடா

எழுபதுகளில் எங்கள் மொன்ட்ரியால் அடுக்குமாடியில் கீழ்வீட்டு மாமி டாக்டரின் மனைவி. மணிக்கட்டில் எப்போதும் எலாஸ்டிக் சுற்றியிருப்பார். டவுன்டவுன் கடை ஒன்றுக்காக, இந்த ஊர்க் கல்யாணப் பெண்கள் தொடையில் அணியும், நீல நாடா வைத்த லேஸ் பட்டி தைத்துக் கொடுத்தார். கணவரிடம் குழந்தைகளின் தலைப்பட்டி என்று சொல்லியிருந்தார். உண்மை எனக்கு மட்டும் தெரியும்.

ஒரு நவராத்திரிக்குப் போனபோது, கொலுவில் பெரிய அம்மனின் கிரீடத்தைச் சுற்றி அதே நீல நாடா வைத்த பட்டி. டாக்டரே ஆசையாக மாட்டினாராம். வந்தவர்கள் விழுந்து கும்பிட்டார்கள்.

சமையலறையில் மெதுவாகக் கேட்டேன். "எடுத்துடலாமே, மாமி?"

"என்னன்னு சொல்லி எடுக்கறது?" என்றார், சுண்டலைக் கிளறியபடி.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "அடுத்த வருஷம் எல்லா பொம்மைக்கும் தைச்சுடு."

மாமி மணிக்கட்டு எலாஸ்டிக்கை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், "அளவு சின்னதா வேணும்."