லாஸ் வேகாஸுக்கு வழி சொன்னவர்

என் கணவர் ஆனந்தராஜாவை லண்டனில் டூட்டிங் பக்கம் ஐந்து வருஷம் எல்லோரும் ‘வேகாஸ் அண்ணை’ என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் அவருக்கு எப்படி வந்தது, எப்படிப் போனது என்று எழுதப் போகிறேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அவரைப் பற்றிய வெட்கம் கொஞ்சம். மிச்சமெல்லாம் என்னைப் பற்றியது.

ஊரில் அவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படம் கீறுகிற உத்தியோகத்தர். எண்பத்திநாலில் அகதியாக லண்டனுக்கு வந்த பிறகு கொலியர்ஸ் வூட் பக்கம் ஒரு பெற்றோல் ஷெட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து காசு வாங்கினார். நான் ஒரு தையல் ஃபாக்டரியில் உடுப்புத் தைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போவோம். பூசை முடிந்ததும் ஆம்பிளைகள் சுண்டல் தட்டோடு நின்று கதைப்பார்கள். டாக்டர்மார் ஒரு மூலை, அக்கவுண்டன்மார் இன்னொரு மூலை. இவர் எந்த மூலையில் போய் நின்றாலும், வாயைத் திறந்த உடனே யாராவது ஒருவர் வாசலில் கழற்றி விட்ட சப்பாத்தைத் தேடப் போய்விடுவார். நான் பெண்கள் பக்கமிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வயிறு எரியும்.

எண்பத்தியேழில் கலிபோர்னியாவிலிருந்து ஜம்புநாதன் கடிதம் போட்டார். பள்ளிக்கூடத்தில் இவரோடு ஒரே வாங்கில் இருந்தவர். அமெரிக்காவில் இருக்கிற பழைய வகுப்புக்காரர் ஐந்து பேர் செப்டெம்பரில் லாஸ் வேகாஸில் ஒரு கிழமை சந்திக்கிறார்கள், நீயும் கட்டாயம் வா என்று. கடிதம் வந்த அன்றே இவர் தலைகால் தெரியாமல் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னால், அவர் சொன்னது பாதி, நான் சொன்னது பாதி. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் தூரப் பயணம் போகிறார் என்றால் வீடு வீடாகப் போய் ‘போட்டு வாறன்’ என்று சொல்ல வேண்டும். அந்த வீட்டுக்காரர் சோறு போட்டு அனுப்ப வேண்டும். நாலு வீட்டில் விருந்து சாப்பிட்டோம். நாலாவது வீட்டில் ஆட்டிறைச்சிக் கறியோடு புட்டு.

அவருடைய விசா மறுக்கப்பட்டது அதற்கு அடுத்த நாள். அகதிப் பயணப் பத்திரத்தோடு அமெரிக்கத் தூதரகத்துக்குப் போனவருக்கு ஒரு கடதாசியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நாலு வீட்டுச் சோறு வயிற்றுக்குள் இருக்கும்போது அதை எப்படி வெளியே சொல்வது? அவர் எனக்குக்கூடச் சொல்லவில்லை. விமான நிலையத்துக்கு ஒருவரும் வர வேண்டாம், எல்லோருக்கும் வேலை நாள் என்று சொல்லிவிட்டு, சூட்கேஸோடு டூட்டிங் புறோட்வேயில் ட்யூப் ஏறினார். அந்தக் கிழமையில் ஒரு தடவை டெலிபோனில் கோல் எடுத்தார். பின்னால் கடற்பறவைகள் கத்துகிற சத்தம் கேட்டது. பாலைவனத்தில் இவ்வளவு பறவையோ என்று யோசித்தேனே தவிர, வேறொன்றும் யோசிக்கவில்லை.

திரும்பி வந்தவருடைய உடுப்புகளைத் தோய்க்க எடுத்தபோது சேர்ட் பொக்கெட்டில் ஒரு பஸ் டிக்கெட் இருந்தது. லண்டன் விக்டோரியாவிலிருந்து, வடக்கே கடற்கரை ஊரான பிளாக்பூலுக்கு, போய்வர.

நான் சண்டை போடுகிற ஆள். எங்கள் தெருவில் அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு வாய் வரவில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் குப்பைவாளிக்குள் போட்டேன். இரவுச் சாப்பாட்டின்போது, “சேர்ட்டுக்குள்ளை இருந்த டிக்கெட்டை எறிஞ்சு போட்டன்” என்று மட்டும் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்தபடி “ஓம்” என்றார். பிறகு, அங்கே கத்தரின் என்ற ஒரு கிழவியின் வீட்டில் அறை எடுத்திருந்ததாகவும், லீவு கிடைக்கவில்லை என்று ஜம்புநாதனுக்கு எழுதிப் போட்டதாகவும் சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் கதைத்ததேயில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அவரைச் சுற்றி ஆட்கள். வெளிச்சம் எப்படி, மெஷின்கள் எப்படி என்று கேள்விமேல் கேள்வி. பிளாக்பூலிலும் கடற்கரை நெடுக வெளிச்சம் போடுவார்கள், காசு போடுகிற மெஷின்களும் இருக்கின்றன. அதனால் அவருக்குப் பெரிய கஷ்டம் இருக்கவில்லை. கேட்டவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். ஒருவரும் சப்பாத்துத் தேடப் போகவில்லை. எனக்கு உச்சி குளிர்ந்தது. அதை மறைத்து என்ன பயன்?

அதற்குப் பிறகுதான் ஆட்கள் யோசனை கேட்டு வரத் தொடங்கினார்கள். விடுமுறைக்கு அமெரிக்கா போகிறவர்கள் கூடிக்கொண்டிருந்த காலம். இவர் டூட்டிங் நூலகத்திலிருந்து ஒரு பயணப் புத்தகத்தை எடுத்து வந்து, கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்துப் படித்தார். தவணை முடிய முடிய நூலகத்தில் அதைப் புதுப்பித்து வந்தது நான். அவர் ஷிப்டுக்குப் போன நேரங்களில் நானும் படித்தேன்.

“சூதாடுற மண்டபத்துக்குள்ளை மணிக்கூடும் இராது, சன்னலும் இராது. கையிலை மணிக்கூடு கட்டிக்கொண்டு போங்கோ” என்பார். “சும்மா குடிக்கத் தருவினம். வாங்காதையுங்கோ. அது உங்களை எழும்ப விடாமல் இருத்தி வைக்கிறதுக்கு.” “உள்ளுக்கை சரியான குளிர், காடிகன் கொண்டு போங்கோ.” “காலமைச் சாப்பாட்டுக்குப் பிந்திப் போனியளெண்டால் மத்தியானச் சாப்பாடும் அதிலையே முடிஞ்சுது. ஆனா மாட்டிறைச்சி எது எண்டு முதல் கேட்டுக்கொள்ளுங்கோ.” “அறை எடுக்கேக்கை கலியாண நாள் எண்டு சொல்லுங்கோ. நல்ல அறையாத் தருவினம்.”

போய் வந்தவர்கள் அண்ணை சொன்னது அப்படியே சரி என்று வந்து சொன்னார்கள். புத்தகம் எழுதியவன் ஒழுங்காக எழுதியிருந்தான். தமிழ்நாட்டுக்காரரான கல்யாணசுந்தரம் டாக்டர் ஒருநாள் எங்கள் பக்கம் வந்து, “ஒரு நிமிஷம் சார், இதை எழுதி வச்சுக்கிறேன்” என்று பேனாவை எடுத்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று சீப்பால் தலை இழுத்ததை நான் கதவிடுக்கால் பார்த்தேன். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. என்னையும் இப்போது டாக்டர்மாரின் மனைவிமார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

தவநாயகி என்னோடு ஃபாக்டரியில் பக்கத்து மெஷினில் இருந்தவள். லண்டனில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதி. அவள் புருஷன் பத்மநாதன் மினிகாப் ஓட்டினார். முந்தி வந்த ஆட்கள், பிரிட்டிஷ் பாஸ்போட் இருந்தது. தொண்ணூற்றிரண்டு ஜூலையில் அவர்களுடைய இருபத்தைந்தாவது கலியாண நாள். அதற்கு முந்தின பனிக்காலத்தில் அவளுக்கு வயிற்றில் ஒப்பரேஷன் நடந்து, பிரஷருக்கும் குளிசை எடுத்துக்கொண்டிருந்தாள். மனதுக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று பத்மநாதன் லாஸ் வேகாஸுக்குப் புக் பண்ணிவிட்டு, இரண்டு பேருமாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

இவர் மணிக்கூடு, காடிகன், சாப்பாடு எல்லாம் சொல்லி முடித்தார். பத்மநாதன் கேட்டார்: “அண்ணை, ஒரு ஹோட்டலிலையிருந்து மற்ற ஹோட்டல் பாக்கப் போறதெண்டால் என்ன மாதிரி? ராக்ஸிக் கார் பிடிக்க வேணுமோ?”

இவருடைய முகம் மலர்ந்தது. அவ்வளவு நேரமும் புத்தகத்தைத்தான் ஒப்புவித்துக்கொண்டிருந்தார். இப்போது தான் உண்மையிலேயே அனுபவித்த ஒன்றைச் சொல்ல இடம் கிடைத்துவிட்டது.

“ராக்ஸி என்னத்துக்கு? நடவுங்கோ. எல்லாம் வரிசையா, கிட்டக் கிட்டத்தான் நிக்குது. மத்தியானத்திலை சனம் குறைவு. அப்பிடி ஒரு காத்து. நான் ஒவ்வொரு நாளும் இந்த முனையிலையிருந்து அந்த முனை மட்டும் நடந்தனான், களைப்பே தெரியேல்லை.”

நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். அது எந்த ஊர்க் காற்று என்று எனக்குத் தெரியும். ஜூலையில் அங்கே மத்தியான வெயில் ஆளை விழுத்தும், வெளியே நடக்கக் கூடாது என்று புத்தகத்தில் இருந்ததும் தெரியும். அந்தப் பக்கத்தை நான் வாசித்திருந்தேன். இவரும் வாசித்திருப்பார், ஆனால் கதை சொல்லுகிற சுகத்தில் மறந்துபோனார். தவநாயகி என் பக்கம் திரும்பினாள்.

“மெய்யே மலர், எனக்கு நடக்க ஏலுமோ? அண்ணை உனக்கு என்ன சொன்னவர்?”

ஒரு வார்த்தை போதும். ‘வெயிலிலை போகாதை’ என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். இவர் முகம் செத்துப்போகும். பிறகு வெள்ளிக்கிழமை வரும், கோயில் வரும். அவ்வளவும் ஒரு கணத்தில் மனதுக்குள் ஓடியது.

“நல்ல இடமாம்” என்றேன். “நடக்கிறது தெரியாதாம்.”

அவர்கள் போன மூன்றாம் நாள் பத்மநாதனிடமிருந்து கோல் வந்தது. மத்தியானம் நடக்கத் தொடங்கினார்களாம். பக்கத்தில் தெரிகிற ஹோட்டல் நடக்க நடக்கத் தள்ளிக்கொண்டே போனதாம். பத்மநாதன் திரும்புவோம் என்றாராம். தவநாயகிதான், அண்ணை ஒவ்வொரு நாளும் நடந்தவராம், எங்களுக்கு இதில் அரைவாசியாவது ஏலாதோ என்று முன்னுக்குப் போனாளாம். நடைபாதையில் விழுந்தபோது உடம்பு நெருப்பாய்க் கொதித்ததாம். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உயிர் மிஞ்சியது. ஆனால் வெயில் மூளையைத் தாக்கி, நடை தள்ளாடத் தொடங்கிவிட்டது. பேச்சு இழுபட்டது, இரண்டு கையும் நடுங்கின. ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த கை இனி அதைச் செய்யாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இவர் அந்த நாட்களில் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. “போய்ச் சொல்லப் போறன்” என்று ஒருநாள் சொன்னார். நான் பாய்ந்தேன். “சொல்லி? சொன்னா அவளுக்குக் கை நேராகுமோ? எங்கடை மூஞ்சையிலை கரி பூசுறதைத் தவிர வேறை என்ன நடக்கும்?” அவர் வேலைக்குப் போய்விட்டார். சிநேகிதி அந்தப் பாடுபட்டுக் கிடக்கும்போது எனக்கு என் மூஞ்சைதான் பெரிதாக இருந்தது. இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அவர்கள் திரும்பி வந்த பிறகு, திராட்சையும் ஹோர்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனோம். வீடு நிறைய ஆட்கள். தவநாயகி கதிரையில் சாய்ந்திருந்தாள், பக்கத்தில் ஊன்றுதடி. அவளுடைய தமையன் இராஜேந்திரன் கோபத்தில் இருந்தார்.

“ஒப்பரேஷன் செய்த வருத்தக்காரியை அந்த வெய்யிலுக்கை நடக்கச் சொன்னது ஆர்?” என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்.

பத்மநாதன் இவரைப் பார்த்தார். பிறகு தமையனிடம் திரும்பி, “அண்ணை காலமை வெள்ளனத்தான் நடக்கச் சொன்னவர். நாங்கள்தான் நித்திரையாலை பிந்தி எழும்பினனாங்கள். அவரிலை ஒரு பிழையும் இல்லை” என்றார்.

அந்த மனிதர் அங்கே போய் நின்று பார்த்தவர். இவர் அங்கே போனதேயில்லை என்று அவருக்கு விளங்கியிருந்தது என்பது அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்தது. எனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. தப்பிவிட்டோம் என்று நினைத்தேன்.

இவர் எழுந்து நின்றார்.

“இல்லைத் தம்பி, நான் மத்தியானம் எண்டுதான் சொன்னனான்” என்றார். “நான் லாஸ் வேகாஸுக்குப் போகேல்லை. எனக்கு விசா தரேல்லை. வெக்கத்திலை பிளாக்பூலுக்குப் போய் ஒரு கிழமை இருந்துபோட்டு வந்தனான். நான் சொன்ன காத்து கடற்காத்து.”

யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். இவர் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் எழுப்பிவிட்ட பிள்ளை மாதிரி நின்றார். இராஜேந்திரன் வெளியே போய்விட்டார்.

தவநாயகி இவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“மலர்,” என்று ஒவ்வொரு எழுத்தாக இழுத்துக் கேட்டாள். “உனக்குத் தெரியுமே?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இவரும் பார்த்தார். அவர் அப்போதுதான் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் இறக்கி வைத்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றிருக்க வேண்டும்.

“தெரியாது தவம்” என்றேன். “எனக்கு ஒண்டும் தெரியாது.”

இவர் தலையைக் குனிந்துகொண்டார். “ஓம். அவவுக்குத் தெரியாது” என்றார். “நான் அவவுக்கும் பொய்தான் சொன்னனான்.”

அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. நான் ஏன் அழுகிறேன் என்று அங்கே இருந்தவர்களில் இவர் ஒருவருக்குத்தான் தெரியும். தவநாயகி என்னைக் கிட்டக் கூப்பிட்டாள். போய் அவளுடைய கதிரைக்குப் பக்கத்தில் இருந்தேன்.

“பாவம் நீ” என்றாள். தன் சேலைத் தலைப்பை எடுத்து என் கண்ணைத் துடைக்கப் பார்த்தாள். கை நடுங்கியதால் அது கண்ணில் படாமல் கன்னத்திலும் காதிலும் பட்டுக்கொண்டிருந்தது. நான் அசையாமல் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன்.