நல்ல பிள்ளைக்கு ஒரு வைத்தியம்

மலச்சிக்கல் கேஸ்

ஓசூர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த அன்று, குழந்தைகள் வார்டு எங்கே என்று கேட்டேன். பிரசவ வார்டின் கோடியில் கிடந்த இரண்டு கட்டில்களைக் காட்டினார்கள். ஒன்றில் குழந்தை இருந்தது. இன்னொன்றில் சலவைக்குப் போக வேண்டிய துணிமூட்டை இருந்தது. மெட்ராஸில் படித்து முடித்து, குழந்தை வைத்தியத்தில் பெரிய ஆளாக வேண்டும் என்று கிளம்பி வந்தவள் நான். ஐம்பதுகளின் தொடக்கம் அது. இன்று தொழிற்சாலைகள் நிற்கும் மூக்கண்டப்பள்ளிப் பக்கமெல்லாம் அப்போது ராகிக் காடு.

அன்று மதியமே தளியிலிருந்து ஒரு கூண்டு வண்டி வந்தது. வந்தவர் சென்னப்பா. உருளைக்கிழங்கும் கோசும் விளைவிக்கிற பெரிய நிலக்காரர். வீட்டில் கன்னடம், ஆஸ்பத்திரியில் தமிழ், சந்தையில் தெலுங்கு பேசுவார். தோளில் சுமந்து வந்த மகளை என் மேஜைமேல் உட்கார வைத்தார். பின்னாலேயே அவர் மனைவி பைரம்மா வந்து நின்றார். சித்திரை மாத வெயில். அந்தப் பெண்ணோ கம்பளி போர்த்தியிருந்தாள்.

"உடம்புக்கு என்ன?"

"வயிறு போறதில்லீங்க. வாரத்துக்கு ஒரு வாட்டி போனாப் பெருசு. வேற ஒண்ணுமில்ல. பேதிக்குக் குடுத்தீங்கன்னா இருட்டறதுக்குள்ள ஊர் போய்ச் சேந்துருவோம்."

"வயசு என்ன, ஆறா?"

"பதினொண்ணு முடியப் போவுதுங்க."

பேனாவைக் கீழே வைத்தேன். பெயர் ரத்னம்மா என்றார்கள். முகம் உப்பியிருந்தது. தோல் காய்ந்து செதில் செதிலாக இருந்தது. பால் பற்கள் இன்னும் விழவில்லை. கையைத் தொட்டால் பானைத் தண்ணீரைத் தொட்டது போலச் சில்லென்றது. நாடி எப்போதாவது நினைவு வந்தபோது அடித்தது. பெயரைக் கேட்டதும் அவள் யோசித்து, தொண்டை கரகரக்கப் பதில் சொல்வதற்குள் அம்மா சொல்லி முடித்திருந்தார்.

"பிள்ளை வளரலையேன்னு தோணலையா?"

"வளராட்டிப் போவுது. தங்கமான புள்ளைங்க," என்றார் சென்னப்பா. "அழாது, அடம் புடிக்காது, உக்கார வெச்ச எடத்துல உக்காந்திருக்கும். சாப்பாடு கூட கேக்காது. வீட்டுச் சாவிக்கொத்தே இது கிட்டதான் இருக்குது. எங்கயும் போகாது பாருங்க. இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு இதைத்தான் முதல் பெஞ்சுல உக்கார வைப்பாரு வாத்தியாரு. எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும்."

பைரம்மா மட்டும் மெல்லச் சொன்னார். "இவளுக்கு அடுத்தவன் இவள விட ஒரு தலை ஒசரம். அவன் கழிச்சுப் போட்ட சட்டையே இவளுக்குத் தொளதொளங்குது. அஞ்சு வயசு வரைக்கும் இவ புளியமரத்துல ஏறி எறங்கின புள்ளதான். அப்புறமா அடங்கிட்டா."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் கேஸ் முழுவதும் இருந்தது. தைராய்டு சுரப்பி பிறவியிலேயே வேலை செய்யாமல் போயிருந்தால், மூளை வளர வேண்டிய காலம் கைவிட்டுப் போயிருக்கும். பிறகு எந்த மருந்தாலும் அதை மீட்க முடியாது. இவளுக்குச் சுரப்பி பிந்தித்தான் தூங்கிப் போயிருந்தது. புத்தி பத்திரமாக உள்ளே இருந்தது, கம்பளி போர்த்திக்கொண்டு.

உப்புக்கண்ட வாடை

ரத்தத்தில் தைராய்டை அளக்கிற வசதியெல்லாம் அன்று எங்களுக்குக் கிடையாது. மருந்தைக் கொடுத்து, பிள்ளை விழிக்கிறதா என்று பார்ப்பதுதான் பரிசோதனை. மருந்து என்பது மிருகங்களின் தைராய்டு சுரப்பியை உலர்த்திப் பொடித்துச் செய்த மாத்திரை. ஆஸ்பத்திரி ஸ்டோரில் அது இல்லை. நானே பஸ் ஏறிப் பெங்களூர் போய் வாங்கி வந்தேன்.

மெட்ராஸ் ராஜ்யத்தில் மதுவிலக்கு இருந்த காலம். எல்லையில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போடுவார்கள். கான்ஸ்டபிள் என் பையிலிருந்த பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார்.

"என்னம்மா இது, உப்புக்கண்ட வாடை அடிக்குது?"

"குழந்தை வளர்றதுக்கு மருந்து."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் உயரம் குறைவு. "நீங்களும் ரெண்டு போட்டுக்குங்க," என்று பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார்.

கால் கிரெயின் எடையில் தொடங்கி மெதுவாக டோஸை ஏற்றினேன். இளம் டாக்டர்கள் கவனிக்க வேண்டியது இது: நெடுநாள் தூங்கிய இதயத்தைத் தட்டி எழுப்பக் கூடாது, தடவித்தான் எழுப்ப வேண்டும். முதலில் வயிறு சரியாயிற்று. சென்னப்பா வைத்தியம் முடிந்தது என்று முடிவு கட்டினார். பைரம்மாதான் விடாமல் அழைத்து வந்தார். பிறகு கம்பளி போயிற்று. பிறகு தோல் உரிந்து, தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. பைரம்மா உதிர்ந்த முடியை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். பழைய முடி போனால்தான் புது முடி வரும் என்று நான் தைரியமாகச் சொன்னேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. புது முடி முளைக்கிற வரை எனக்கும் தூக்கம் சரியாக வரவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் பால் பற்கள் விழுந்தன. பாவாடைக்குக் கீழே கணுக்கால் தெரிந்தது. பெயரைக் கேட்டால் அம்மாவை முந்திக்கொண்டு சொன்னாள். மெட்ராஸில் என் பேராசிரியருக்குப் பெருமையோடு எழுத உட்கார்ந்தேன். அந்த வாரம்தான் சென்னப்பா தனியாக வந்தார்.

புகார்

"டாக்டரம்மா, மாத்திரைய நிறுத்திட்டோம்."

"ஏன்? பிள்ளைக்கு ஏதாவது பண்ணுதா?"

"புள்ளைக்கு ஒண்ணும் பண்ணல. எங்களுக்குத்தான் பண்ணுது."

நாற்காலியில் உட்கார்ந்து வரிசையாகச் சொன்னார். தம்பியைப் போட்டு அடிக்கிறாள். சாவிக்கொத்தைக் கிணற்றுமேட்டில் மறந்து வைத்துவிட்டு ஆட்டுக்குட்டி பின்னால் ஓடுகிறாள். வீட்டுக்கு வந்த சம்பந்தி முறைக்காரரிடம், நீங்க எப்பப் போவீங்க என்று கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட கணக்கு தப்பு என்று எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள்.

"கணக்கு தப்பா?"

"தப்புதானாம். அதுக்காக எழுந்து நின்னு சொல்லலாமா? வாத்தியாரு என்னைக் கூப்பிட்டு, பழைய ரத்னம்மாவ எங்கய்யா தொலைச்சீங்கன்னு கேக்கறாரு. எழுத்தும் கோழி கிளறின மாதிரி ஆயிடுச்சு. நோயோட இருந்தப்ப நல்ல புள்ளயா இருந்துச்சுங்க. நீங்க குணமாக்கி விட்டு வீடு ரெண்டாப் போச்சு."

நான் காகிதத்தில் கழுத்து வரைந்து, சுரப்பி வரைந்து, எலும்பு வளர்வதைப் பற்றி ஒரு வகுப்பே எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். படம் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வேறு குரலில் பேசினார்.

"இன்னும் வளந்தா என்னாவும்? வயசுக்கு வருவா. பள்ளிக்கூடத்த நிறுத்தணும். மாப்பிள்ளை பாக்கணும். இந்நேரம் வரைக்கும் சின்னப் புள்ளன்னு யாரும் ஒண்ணும் கேட்டதில்ல. நானும் தோள்ல தூக்கிட்டுச் சந்தைக்குப் போவேன். இன்னும் கொஞ்ச நாளைக்கு இருந்துட்டுப் போவட்டுங்க."

அவரைக் கோபித்துக்கொள்ளலாம் என்று தயாராகியிருந்த எனக்கு, கோபம் வரவில்லை. அவர் பயந்தது நியாயமில்லாததும் அல்ல. பெண் பிள்ளை வளர்ந்தால் படிப்பு போய்விடும் என்பதை நான் யோசித்தே பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணை, வளரச் செய்து வீட்டில் உட்கார வைக்கத்தான் பெங்களூருக்கும் ஓசூருக்கும் அலைந்திருக்கிறேன்.

களி உருண்டை

தை மாதச் சந்தை நாளில் பைரம்மா ரத்னம்மாவோடு வந்தார். கணவர் மாட்டு வியாபாரத்தில் இருப்பதாகச் சொன்னார். பெண்ணின் தோளில் மறுபடி கம்பளி. முகம் மறுபடி உப்பியிருந்தது. நாற்காலியில் ஏற்றி உட்கார வைத்ததும் அப்படியே இருந்தாள்.

"ஊட்ல சத்தமே இல்லீங்க," என்றார் பைரம்மா. "மொதல்ல நானும் நிம்மதின்னுதான் நெனச்சேன். இப்ப பயமா இருக்குது. ஆட்டுக்குட்டி இவ காலாண்ட வந்து நின்னு நின்னு பாத்துட்டுப் போவுது."

அதுவரை வயிற்றைப் பற்றி அப்பாவிடமும், முடியைப் பற்றி அம்மாவிடமும், படிப்பைப் பற்றி வாத்தியார் வழியாகவும் கேட்டிருந்தேன். ரத்னம்மாவிடம் பெயரைத் தவிர யாரும் எதுவும் கேட்டதில்லை. அன்று கேட்டேன். "உனக்கு மாத்திரை வேணுமா, வேண்டாமா?"

அவள் வெகுநேரம் யோசித்தாள். பைரம்மா வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"மாத்திரை தின்னா பசிக்கும்," என்றாள். "பசிச்சா நல்லாருக்கும்." கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "இப்ப கணக்கு பாதியில நின்னு போவுது." அப்புறம் தமிழில் சொல் கிடைக்காமல், "ஓடபேக்கு," என்றாள்.

ஓட வேண்டும். அந்த அளவு கன்னடம் எனக்கும் வந்திருந்தது.

பைரம்மா பாட்டிலைக் கேட்டு வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "களி உருண்டைக்குள்ள வெச்சுருவேன். இவுரு அம்மன் கோயிலுக்கு மண்டபம் கட்டித் தர்றதா வேண்டியிருக்காரு, புள்ள சாந்தமாவும் இருக்கணும், நோவும் இல்லாம இருக்கணும்னு. அதும்பாட்டுக்கு அது இருக்கட்டும்."

வீட்டுத் தலைவருக்குத் தெரியாமல் மருந்து கொடுக்கலாமா என்று இன்றைய டாக்டர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நான் அன்று கேட்டுக்கொள்ளவில்லை. அந்தச் சந்தை நாளிலிருந்து களிக்கு என் ஆஸ்பத்திரியும் ஒரு கை கொடுத்தது.

தானாகக் குணமான கேஸ்

அடுத்த வருஷம் புதிய பிரசவ வார்டு திறப்பு விழா. ஜில்லா மெடிக்கல் ஆபீசர் சேலத்திலிருந்து வந்திருந்தார். ஊர்ப் பெரியவர்களில் ஒருவராக மேடை ஏறிய சென்னப்பா, மைக்கைப் பிடித்துப் பேசினார்.

"நம்ம டாக்டரம்மா நல்லவங்க. கைராசிக்காரங்க. ஆனா எம் பொண்ணு விஷயத்துல இங்கிலீஷ் மருந்து எடுபடலீங்க. நிறுத்தினேன். அம்மன வேண்டினேன். இன்னிக்கு வந்து பாருங்க. ஒடம்பு தேறி, கெட்டிக்காரியா இருக்குது. மாத்திரை நிறுத்தினாத்தான் சில நோவு போவும்."

கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன். பெண்கள் வரிசையில் இருந்த பைரம்மா தலை குனிந்து தன் வளையல்களைச் சரி செய்துகொண்டிருந்தார்.

மேடையை விட்டு இறங்கியதும், என் ரிப்போர்ட்டில் இந்தக் கேஸைப் படித்திருந்த ஜில்லா ஆபீசர் என்னைத் தனியே அழைத்தார். "தைராய்டு கேஸ் மருந்தில்லாமல் தானாகக் குணமாவது அபூர்வம் டாக்டர். நோட்ஸ் எல்லாம் சேர்த்து நீங்கள் ஒரு கட்டுரை எழுத வேண்டும்."

"சரி சார்," என்றேன். குழந்தை வைத்தியத்தில் பெரிய ஆளாக எனக்குக் கிடைத்து, நான் எழுதாமலே விட்ட ஒரே வாய்ப்பு அது.

அந்த மேடைப் பேச்சில் சென்னப்பா கணக்கில் எடுக்காத ஒன்று இருந்தது. அம்மன்தான் குணப்படுத்தினாள் என்று மைக்கில் சொன்னவர் மண்டபத்தைக் கட்டியாக வேண்டும். ரத்னம்மா வளர்ந்து, வயசுக்கு வந்து, மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்கத் தொடங்கியபோது பைரம்மா ஊர் நடுவில் வைத்துச் சொல்லிவிட்டார்: "வேண்டுதல் முடிக்காம கல்யாணம் பேசினா அம்மனுக்கு ஆவாது." மண்டபத்தில் தூண் நின்றது, கூரை நிற்கவில்லை. ஒரு வருஷம் கிழங்குக்கு நோய், ஒரு வருஷம் மழை இல்லை, ஒரு வருஷம் கொத்தனார் கோலார் போய்விட்டான். வீட்டில் சும்மா கிடப்பதற்குப் படிக்கட்டுமே என்று அம்மா சொல்ல, ஓசூரில் சித்தி வீட்டில் தங்கி ரத்னம்மா எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்து முடித்தாள். எழுத்து கடைசி வரை கோழி கிளறினது போலத்தான் இருந்தது. கணக்கில் அவளை யாரும் நெருங்க முடியவில்லை என்றார்கள். அதன் பிறகுதான் கூரை ஏறியது, கல்யாணமும் நடந்தது. மாத்திரை விஷயம் புருஷனுக்கு முதல் நாளே தெரியும். அவளே சொல்லிவிட்டாள்.

சென்னப்பாவுக்குத் தெரியுமா? கல்யாணத்துக்கு அழைக்க வந்தபோது கிளம்பும் நேரத்தில் அவர் கேட்டார்: "அந்த மாத்திரை இப்பவும் பெங்களூர்லதான் கிடைக்குதுங்களா?" ஆமாம் என்றேன். "மாப்பிள்ளை ஊர் பெங்களூருக்குப் பக்கம்தான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த தலைமுறைக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு குழந்தையை வீட்டார் குறை சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள். அளவுக்கு மீறிப் புகழ்ந்தால் நாடியைப் பிடித்துப் பாருங்கள். குணமானதற்குப் பெயர் யாருக்குப் போகிறது என்று பார்க்காதீர்கள். மருந்து போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அந்தப் பத்தாண்டு முடிகிற சமயம் நான் கிருஷ்ணகிரிக்கு மாற்றலாகியிருந்தேன். ஒரு நாள் ஓ.பி.யில் வரிசையைத் தள்ளிக்கொண்டு ஒரு இளம்பெண் முன்னால் வந்தாள். என்னை விட உயரம். கையில் பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை. ரத்னம்மா என்று தெரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"டாக்டரம்மா, இவ ரொம்ப நல்ல புள்ளயா இருக்கா. போட்ட எடத்துல கெடக்கறா. அழறதே இல்ல. வீட்ல எல்லாம் புகழறாங்க." குழந்தையை என் பக்கம் நீட்டினாள். "எனக்கு எப்பிடி இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

குழந்தையை வாங்கி மேஜையில் போட்டேன். நாக்கு தடித்து வெளியே தள்ளவில்லை. தொப்புள் பிதுங்கவில்லை. தோல் மெத்தென்று இருந்தது. கை கால் கதகதப்பு. நாடி குருவி நெஞ்சு போல அடித்தது. பால் நிறையக் குடித்துவிட்டுச் சுகமாகத் தூங்குகிற பிள்ளை, வேறொன்றும் இல்லை. அதை நான் வாயால் சொன்னேன். ரத்னம்மா நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. உள்ளங்காலில் விரலால் ஒரு சுண்டு சுண்டினேன்.

குழந்தை கண்ணைத் திறந்தது. முகம் சிவந்தது. ஓ.பி. முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டது. வரிசையில் நின்ற ஒரு கிழவர், பச்சைப் பிள்ளையைப் போய் இப்படிப் பண்ணலாமா என்று என்னைத் திட்டினார்.

ரத்னம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குழந்தை அழுது ஓய்ந்ததும் கேட்டாள்.

"இன்னொரு வாட்டி சுண்டுங்க."

சுண்டினேன்.