வீமனும் பத்தொன்பது படிகளும்

எங்கள் நாய்க்கு வீமன் என்று பெயர் வைத்தவர் அப்பா. குட்டியாக இருந்தபோது அவன் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்து வைத்த பெயர். வளர்ந்தபின் அவனுடைய குணத்தைப் பார்த்து மாற்றியிருக்கலாம். ஒருவருக்கும் மனம் வரவில்லை. வீமன் கோழிக்குப் பயந்தான். குடைக்குப் பயந்தான். கொடியில் காயும் துவாய் காற்றில் ஆடினால் அதற்கும் பயந்தான். ஸ்கந்தபுரத்தில் எங்கள் வளவில் இருந்தவரை இந்தப் பயங்களால் யாருக்கும் நட்டமில்லை. பயம் வந்தால் பெரியம்மாவைத் தேடி ஓடுவான். அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிவிடுவான்.

பெரியம்மா அம்மாவின் மூத்த அக்கா. எங்களோடுதான் இருந்தார். கடைசிச் சண்டையில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். அப்போது நான் கைக்குழந்தை. எனக்கு ஒன்றும் நினைவில்லை. எனக்குத் தெரிந்த பெரியம்மா, படுக்கப் போகும்போது ஒரு காலைக் கழற்றிச் சுவரோடு சாத்தி வைப்பவர். மற்றப் பிள்ளைகளின் பெரியம்மாக்கள் அப்படிச் செய்வதில்லை என்பது பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரிந்தது. பகலில் அவர் அந்தக் காலோடு கடைக்குப் போவார், கோவிலுக்குப் போவார், கோழிகளைத் துரத்திப் பிடிப்பார். எங்கள் வீட்டில் அதிகம் நடப்பவர் அவர்தான்.

எனக்கு ஒன்பது வயதான மார்கழியில், கிளிநொச்சிப் பக்கம் ஓர் அரிசி மில்லில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. மில்லின் களஞ்சியத்துக்கு மேலே இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியும் இருந்தன. அங்கேயே இருந்துகொள்ளலாம் என்று முதலாளி சொன்னார். மேலே போவதற்கு வெளிப்பக்கமாக ஓர் இரும்புப் படிக்கட்டு. கீழிருந்து பத்துப் படி, பிறகு திரும்புவதற்குச் சின்னத் தட்டு ஒன்று, அதற்கு மேலே ஒன்பது படி. அதுவரை எங்களில் ஒருவரும் படிக்கட்டு வைத்த வீட்டில் இருந்ததில்லை. நான் முதல் நாளே பன்னிரண்டு தடவை ஏறி இறங்கினேன்.

வீமன் முதற்படியில் மூக்கை வைத்து மணந்தான். அந்த நேரம் பார்த்து அப்பா அலுமாரியோடு மேலே ஏற, படிக்கட்டு முழுவதும் ணங் என்று அதிர்ந்தது. அவ்வளவுதான். ஓடிப்போய் உமிக் குவியலுக்குப் பின்னால் படுத்துவிட்டான்.

பெரியம்மா அன்று கைபிடியைப் பிடித்துக்கொண்டு தானாகவே ஏறினார். நாலாம் நாள் கடைக்குப் போக இறங்கியபோது, மேலிருந்து மூன்றாவது படியில் பொய்க்கால் வழுக்கி, இருந்த இடத்திலேயே தொப்பென்று இருந்துவிட்டார். பெரிய அடி ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் கீழே இறங்கவில்லை. கேட்டால், மேலே நல்ல காற்று வருகிறது என்பார். நான் நம்பினேன். மேலே உண்மையாகவே நல்ல காற்று.

அதனால், வீட்டில் பயந்தவன் என்று நான் அறிந்தது வீமனை மட்டும்தான். அவன் கீழே நின்று மேலே பார்த்து அழுவான். பெரியம்மா மேலே கம்பியில் சாய்ந்து நின்று கீழே பார்த்துக் கதைப்பார். அழுகை கூடும். மில்லில் வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

"தம்பி, மாசி பிறக்க நெல்லு லொறியள் வரத் தொடங்கும்," என்று அப்பாவிடம் சொன்னார். "பின்னுக்கு எடுக்கிறவன் நாயைப் பாக்கமாட்டான். மேல கொண்டுபோய் வைச்சிருங்கோ. ஏலாட்டி ஊருக்கு அனுப்பிவிடுங்கோ. போன வருசம் இஞ்ச ஒரு நாய் நிண்டது..." அந்த நாயை இப்போது எங்கும் காணவில்லை என்பதை நானே யோசித்துக்கொண்டேன்.

அப்பா முதலில் சுலபமான வழியைப் பார்த்தார். வீமனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். ஐந்தாம் படியில் வீமன் அப்பாவின் கழுத்தைப் பிறாண்டினான். எட்டாம் படியில் அவர் போட்டிருந்த சேட்டை நனைத்தான். மேலே கொண்டுபோய் விட்டதும் குசினி நிலத்தில் மாவைப்போலப் பரவிப் படுத்தவன், இறங்க மாட்டாமல் அங்கேயே எல்லாவற்றையும் செய்தான். மற்ற நாள் காலையில் அம்மா கையில் விளக்குமாறோடு நிற்க, அப்பா அவனைத் திரும்பவும் தூக்கிக்கொண்டு இறங்கினார். இவனைத் தூக்குவதைவிட நெல் மூட்டை தூக்கலாம் என்றார். அத்தோடு அந்த வேலை என்னிடம் வந்தது.

எனக்கு ஒன்று விளங்கவேயில்லை. நாய்க்கு நாலு கால். நான் இரண்டு காலில் ஏறும் படியை அவன் இன்னும் சுகமாக அல்லவா ஏறவேண்டும்? இதைக் கண்டுபிடிப்பதற்காக ஒருநாள் பள்ளிக்கூடச் சட்டையோடு கையும் காலும் ஊன்றிப் படியில் ஏறிப் பார்த்தேன். மூன்றாம் படியிலேயே விசயம் பிடிபட்டது. படிகளுக்குப் பின்பக்கம் அடைப்பு இல்லை. நிமிர்ந்து ஏறும்போது அது தெரியாது. தவழ்ந்தால், முகத்துக்கு நேரே வெறும் வெளி; அதற்குள்ளால் நிலம் தெரிந்தது. ஏற ஏற அந்த நிலம் எங்கேயோ இழுபட்டுக்கொண்டு போனது. ஏழாம் படியில் நானே எழும்பிக் கைபிடியைப் பிடித்துக்கொண்டேன்.

ஓடிப்போய்ப் பெரியம்மாவிடம் சொன்னேன். "பெரியம்மா, குனிஞ்சு பாத்தா படி வேற மாதிரி. இடையால நிலம் தெரியுது. விழுந்திடுவம் எண்ட மாதிரிக் கிடக்கு."

அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சுளகிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஓம். இறங்கேக்க இன்னும் மோசம்," என்றார்.

ஒருநாளும் தவழ்ந்து பார்க்காதவருக்கு அது எப்படித் தெரியும் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இடைவெளியைச் சாக்கால் மறைக்கலாம் என்பது அவருடைய யோசனை. மில்லில் கிழிந்த சாக்குக்குப் பஞ்சமில்லை. வெறுமனே விரித்தால் காலோடு வரும், இழுத்துக் கட்டித் தைக்கவேண்டும் என்று சொல்லி, பெரிய ஊசியும் சணல் நூலும் எடுத்தார். கீழ்ப் பத்துப் படியை நான் கட்டினேன். மேல் ஒன்பதை அவர். படியில் இருந்துகொண்டு தைத்து, பிறகு எழும்பாமல் அப்படியே அரைந்து அடுத்த படிக்கு இறங்குவார். என்னுடைய கட்டெல்லாம் இரண்டு நாளில் அவிழ்ந்தது; திரும்பத் திரும்பக் கட்டினேன். அவருடையது கடைசிவரை அசையவில்லை.

பிறகு பாடம் தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் நெத்தலிக் கருவாட்டோடு கீழே நிற்பேன். பெரியம்மா மேற்படியில் இருந்துகொண்டு, "வா ராசா, வா," என்று கூப்பிடுவார். வீமன் முன்னங்கால் இரண்டையும் முதற்படியில் வைத்து, பின்னங்கால்களை நிலத்திலேயே விட்டுவிட்டு நிற்பான். பாதி நாய் வர ஆயத்தம், மற்றப் பாதி இல்லை. குரல் தூரத்தில் கேட்பதுதான் குறை என்று நான் தீர்மானித்தேன். பெரியம்மா ஒருபடி கீழே வந்தால் அவன் ஒருபடி மேலே வருவான் என்று கணக்குப் போட்டு, அவரைக் கீழே கூப்பிட்டேன். அவர் மறுக்கவில்லை. இருந்தபடியே அரைந்து இறங்கினார், ஒரு நாளைக்கு ஒரு படி. பாடம் முடிந்ததும் அதேபோல் பின்னுக்கு அரைந்து ஏறிவிடுவார்.

என் கணக்கு சரியாக வந்தது. ஐந்தாம் நாள் வீமன் நாலு காலையும் முதற்படியில் வைத்தான். நான் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டேன். பிறகு இரண்டாம் படிக்கு ஒன்று, மூன்றாம் படிக்கு ஒன்று. அவன் ஆறாம் படிக்கு வந்த அன்று, பெரியம்மா நடுத்தட்டுக்கு வந்திருந்தார். வீமனுக்கு மட்டும்தான் கோடு போட்டேன். வேறு யாருக்கும் போடவேண்டும் என்று தோன்றவில்லை.

தை முடிவதற்குள் அவன் நடுத்தட்டுக்கு ஏறி, பெரியம்மாவின் மடியில் தலையை வைத்துவிட்டான். அவர் அவனுடைய காதைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். ஆனால் இறங்கமாட்டான். விளிம்பில் நின்று கீழே பார்த்து நடுங்குவான். அவனை அணைத்துத் தூக்கி இறக்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். மாசிக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"நீங்கள் இருந்து இருந்து அரைஞ்சா அவன் எப்பிடிப் பழகுவான்?" என்று பெரியம்மாவைக் கேட்டேன். "எழும்பி நடந்து காட்டுங்கோ. அவன் பாத்துப் பழகட்டும்."

மேலே குசினியில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. அம்மா கதவடியில் வந்து நிற்பது தெரிந்தது. என்னை ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஏசவில்லை.

பெரியம்மா பொய்க்காலின் வாரை அவிழ்த்துத் திரும்ப இறுக்கினார். கைபிடியைப் பிடித்து எழும்பினார். "கால் பூட்டின இடத்தில ஒண்டு சொல்லித் தந்தவை," என்றார். "ஏறேக்க நல்ல கால் முதல்ல. இறங்கேக்க மற்றக் கால் முதல்ல."

"வீமனுக்கு நாலும் நல்ல கால். அவன் எதை முதல்ல வைக்கிறது?"

பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பொய்க்காலை ஒரு படி கீழே வைத்தார். பிறகு மற்றக் காலை அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். கைபிடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. திரும்பி வீமனைப் பார்த்து, "வா ராசா," என்றார். வீமன் முனகினான், வாலை ஒடுக்கினான், பிறகு தொம்மென்று அவருடைய படியிலேயே வந்து விழுந்தான். அன்று இரண்டு படிதான். பெரியம்மாவின் மேல்சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. இரண்டு படிக்கு இவ்வளவு நேரமா என்று நான் குறைப்பட்டேன். "நாளைக்கு மூண்டு," என்றார்.

மற்ற நாள் மூன்று. அதற்கடுத்த நாள் ஐந்து. வீமன் அவரோடு ஒட்டிக்கொண்டு இறங்கவும் ஏறவும் பழகினான். ஆனால் நடுத்தட்டுக்கு மேலே அவன் ஒரு படிகூட ஏறிப் பார்க்கவில்லை. பெரியம்மாவும் கீழ் மூன்று படியில் கால் வைக்கவில்லை. அப்படி இருக்கும்போதே முதல் லொறி வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை. பெரியம்மா கைபிடியோடு கீழிருந்து நாலாவது படியில் நின்றார். வீமன் உமிக் குவியலடியில் எதையோ கிளறிக்கொண்டிருந்தான். வாசற்படலையால் நெல் லொறி ஹோன் அடித்துக்கொண்டு உள்ளே வந்து, வளைத்துப் பின்னுக்கு எடுத்தது. வீமன் ஒரு கணம் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் சக்கரத்துக்கு நேரே நின்றான். "வீமா," என்று கூப்பிட்டது பெரியம்மாதான். அவன் திரும்பினான். அம்பு மாதிரிப் படிக்கட்டுக்கு வந்து, பெரியம்மாவை உரசிக்கொண்டு ஏறினான். பத்துப் படி, நடுத்தட்டு, திரும்பி ஒன்பது படி, குசினி. நானும் பெரியம்மாவைத் தாண்டி அவனுக்குப் பின்னால் ஓடினேன். அவன் உரசியதில் பெரியம்மா தடுமாறியதைக் கண்டேன். நான் நிற்கவில்லை.

மேலே வீமன் வாலை ஆட்டிக்கொண்டு, மூச்சு இளைத்தபடி நின்றான். பத்தொன்பது படியும் தனியாக ஏறியவன் அவன். இதை எல்லோருக்கும் சொல்லவேண்டும் என்று கம்பியடிக்கு ஓடி வந்து, "வீமன் மேல வந்திட்டான்," என்று கத்தினேன்.

ஒருவரும் நிமிரவில்லை. லொறிக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்தார். அப்பா தூக்கிய மூட்டையை இறக்காமல் நின்றார். எனக்குப் பக்கத்தில் அம்மா ஈரக்கையை வாயில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தார். பெரியம்மா படிக்கட்டை விட்டுவிட்டு, முற்றத்து மண்ணில் நின்றுகொண்டிருந்தார். கையில் பிடி ஒன்றுமில்லை.

எனக்குக் கோபம் வந்தது. "பெரியம்மா, அவன் முழுக்க ஏறீட்டான். நீங்கள் ஏன் கீழ போய் நிக்கிறீங்கள்?"

"ஒருக்கா ரோட்டடிக்குப் போட்டு வாறன் பிள்ளை. நீ நாயைப் பார்."

"அக்கா, நானும் வரட்டோ?" அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"வேண்டாம். சோறு அடுப்பில கிடக்கு."

அவர் லொறியைச் சுற்றிக்கொண்டு படலைக்குப் போனார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், பிறகு இரணைமடுப் பக்கமாகத் திரும்பி நடந்தார். அவர் மறையும்வரை ஒருவரும் வேலையைத் தொடங்கவில்லை. அரை மணித்தியாலம் கழித்துக் கடையிலிருந்து ஒரு பை நிறைய இனிப்போடு வந்து, எல்லோருக்கும் கொடுத்தார், லொறிக்காரருக்கும்கூட. வீமனுக்கு ஒன்றும் இருக்கவில்லை. மிச்சமிருந்த நெத்தலி முழுவதையும் நான் அவனுக்கே போட்டேன்.

அவன் படியேறிய நாளில் எங்கள் வீட்டில் ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை என்று எனக்கு நெடுநாள் மனத்தாங்கலாக இருந்தது.